பெட்டி, நல்ல நிலையில்

“எந்தச் சாமான வேணா கொண்டாந்து வையி. கண்ணு சிமிட்டறதுக்குள்ள வெல சொல்றேன். வெல சொல்லத் தெரியாம பச்சைமுத்து முழிச்சான்னு எவனாவது சொல்லட்டும், அன்னிக்கே மீசைய எடுத்துடறேன்.”

லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டிய பேக்கரி வாசலில், ஒரு கையில் டீயும் மறு கையில் பாதி கடித்த காரா பன்னுமாக நின்று பச்சைமுத்து இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். வரலாற்றின் துரதிர்ஷ்டம், அப்போது கேட்பதற்குக் கூரியர் மஞ்சுநாத்தையும் பேக்கரிக்காரரையும் தவிர ஆளில்லை. மஞ்சுநாத் எதையும் சோதித்துப் பார்க்கிற குணமுள்ளவன். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினான்.

“இது, அண்ணா?”

“நூத்தி எண்பது. கண்ணாடில கீறல் இல்லேன்னா இரநூத்தி இருவது.”

“நம்ம வண்டி?”

“ஒன் வண்டியா? பெட்ரோலோடவா, பெட்ரோல் இல்லாமயா?”

“சரி, இந்த பேக்கரி?”

பச்சைமுத்து தலையைத் தூக்கிப் போர்டைப் பார்த்தார். கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் பேக்கரிக்காரர் அவசரமாக வந்து அவர் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். விலை சொல்லிவிட்டால் விற்றும்விடுவாரோ என்று அவருக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான் என்று உலகத்துக்குத் தெரிவிக்கவே இந்த வாழ்க்கைக் குறிப்பு எழுதப்படுகிறது.

பச்சைமுத்து பிறந்து வளர்ந்தது ஈஜிபுராவில், ஒரு வீட்டில் தாளித்தால் பக்கத்து வீட்டில் தும்முகிற ஒரு சந்தில். பீன்யாவில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் கீப்பராக இருந்தார். ஸ்டோர்ஸ் கீப்பர் என்பவர் பூமியில் உள்ள சகல பொருள்களும் தன் கண் முன்னே வந்து தன் கண் முன்னே போவதைப் பற்றில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர். முனிவர்கள் காட்டுக்குப் போய்க் கற்றுக்கொள்வதைப் பச்சைமுத்து பிஎஃப் பிடித்தத்துடன் கற்றுக்கொண்டார். சங்கடம் என்னவென்றால், அந்தப் பற்றின்மையை அவர் சாயங்கால ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கும் எடுத்துவந்தார்.

வீட்டில் பெட்டி இருந்தாள். பெட்டி அவருடைய மனைவி. லிங்கராஜபுரத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்த்தவள். இருவரும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் சந்தித்துக் காதலித்தார்கள். “அம்மா, நான் பெட்டியக் கட்டப் போறேன்” என்று பச்சைமுத்து வீட்டில் முதன்முதலாக விஷயத்தை உடைத்தபோது, அவர் அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தாமல், “கட்டு, கட்டு. எந்த ஊருக்குப் போற?” என்று கேட்டாளாம். இரண்டு குடும்பங்களுக்கும் சமாதானம் ஏற்பட்டதற்கு அந்தக் கேள்விதான் காரணம். சிரித்துவிட்ட பிறகு சண்டை போடுவது கஷ்டம். கல்யாணத்துக்குப் பிறகு அவர் பெட்டியின் அப்பா வீட்டோடு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் பிறக்கவில்லை. அந்த இடத்தைச் சாமான்கள் நிரப்பின.

பிறகு கம்பெனி துமகூரு பக்கம் போயிற்று. பச்சைமுத்து போகவில்லை. கையில் வந்த பணத்துடனும் சும்மா இருக்க முடியாத கைகளுடனும் வீட்டில் உட்கார்ந்தவரின் செல்போனில் ஒரு நாள் ‘ஏலச்சந்தை’ வந்து இறங்கியது.

ஏலச்சந்தையில் யாரும் எதையும் விற்கலாம். படம் போட்டு, ஆரம்ப விலை போட்டு, ஒரு வாரம் காத்திருந்தால், ஊர் உலகத்தில் உள்ளவர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கேட்பார்கள். பச்சைமுத்து ஆரம்பத்தில் அப்படித்தான் விற்றார். அந்த ஒரு வாரமும் அவருக்குச் சோறு இறங்காது. செல்போனைப் பார்ப்பார், வைப்பார், பார்ப்பார். பெட்டி, “குழந்த தூங்குதா பாத்துட்டு வா” என்பாள். அப்புறம்தான் அவர் அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தார். கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டதற்கு நிகரான அந்தச் சம்பவம் சாப்பாட்டு வேளையில் நடந்ததால், பொத்தானின் மேல் சாம்பார் பட்டது.

பொத்தானின் பெயர் ‘உடனே வாங்கு’. ஏலம் ஒரு பக்கம் நடக்கட்டும். விற்பவர் அதன் பக்கத்திலேயே ஒரு நிலையான விலையையும் போட்டு வைக்கலாம். காத்திருக்கப் பொறுமையில்லாதவன் அந்த விலையைக் கொடுத்து அப்போதே தூக்கிக்கொண்டு போகலாம். ஒரே ஒரு நிபந்தனை. யாராவது ஒருவன் முதல் ஏலம் கேட்டுவிட்டால் பொத்தான் மறைந்துவிடும்.

“அந்த மறையறதுதான் மகா, சூட்சுமம்,” என்று மஞ்சுநாத்திடம் விளக்குவார். ‘மகா’ என்பது கன்னடத்தில் ‘மகனே’; பிரியம் வந்தால் அவர் வாயில் வரும் சொல். “மனுசனுக்குப் பொருள் மேல ஆச கம்மி. பக்கத்துல இருக்கறவன் தொட்டுடுவானோன்ற பயம்தான் ஜாஸ்தி. ஏலத்த அடிமட்டத்துல ஆரம்பிக்கணும். பட்டன் வெலய நாம நெனச்சதுக்கு ஒரு விரக்கட மேல வெக்கணும். எவனாவது நூறு ரூபா கேட்டுட்டா பட்டன் போயிடும்ல? அந்த பயத்துலயே அமுக்கிடுவான்.”

“நீங்க எம்பிஏ மாடிருக்கணும் அண்ணா,” என்பான் மஞ்சுநாத். அவன் கன்னடக்காரன். தமிழ் அவன் வாயில் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் வரும்.

ஆக, வீடு காலியாக ஆரம்பித்தது. முதலில் வெளியில் வாங்கிய பழைய சாமான்கள் போயின. பிறகு வாங்குவதற்கும் விற்பதற்கும் நடுவில் வீட்டுச் சாமான்களும் போயின. விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே அவர்கள் அடியில் நாற்காலி விற்கப்பட்டிருக்கிறது. பெட்டியின் தையல் மிஷின் போயிற்று. ‘இப்பல்லாம் யார் தைக்கறா?’ அவள் அப்பா கடையில் மாட்டியிருந்த சுவர்க் கடிகாரம் போயிற்று. ‘செல்போன்லயே மணி இருக்கே?’ பிரம்பு நாற்காலி போயிற்று. கிரைண்டர் போயிற்று. பெட்டி முதலில் திட்டினாள், பிறகு கிண்டல் செய்தாள், பிறகு சும்மா இருந்தாள். இந்த மூன்றாவது நிலையைப் பச்சைமுத்து சம்மதம் என்று புரிந்துகொண்டார்.

படம் எடுக்கும்போது மட்டும் அவள் வேண்டும். பொருள் எவ்வளவு பெரிது என்று வாங்குபவனுக்குத் தெரிய வேண்டாமா? “கைய வை. ஆடாத. இன்னும் கொஞ்சம் இந்தாண்ட.” கடிகாரத்தின் பக்கத்தில் பெட்டியின் கை இருக்கும். மிஷின் சக்கரத்தின் மேல் பெட்டியின் கை இருக்கும். கண்ணாடி வளையல் இரண்டு, முழங்கை வரை. அதற்கு மேல் படத்தில் வராது.

இந்தக் காலத்தில்தான் புள்ளி வந்து சேர்ந்தது.

ஏலச்சந்தையில் வாங்குபவர்கள் விதவிதமான பெயர் வைத்துக்கொள்வார்கள். இவர் வைத்துக்கொண்டது ஒரு முற்றுப்புள்ளி. வெறும் புள்ளி. பச்சைமுத்து ஒரு பொருளைப் போட்டுவிட்டு விரலை எடுப்பதற்குள் ‘உடனே வாங்கு’ அமுக்கப்பட்டிருக்கும். எவ்வளவு விலை வைத்தாலும். ஒரு முறை, வேண்டுமென்றே, ஓட்டை விழுந்த வாளிக்கு வெள்ளி வாளியின் விலையைப் போட்டார். விரல் திரையை விட்டு எழும்பக்கூட இல்லை. விற்றுவிட்டது.

“தெய்வம்,” என்றார் பச்சைமுத்து.

“பைத்தியம்,” என்றாள் பெட்டி.

தெய்வம் ஒவ்வொரு முறையும் ஐந்து நட்சத்திரம் கொடுத்து ஒரு வரி எழுதும். கடிகாரத்துக்கு எழுதியது: ‘படத்தில் உள்ளபடியே வந்தது. கை வரவில்லை.’ பச்சைமுத்து, கடிகார முள்ளைத்தான் ஆங்கிலத்தில் கை என்பார்களே, முள் கழன்றிருக்கும் போல என்று எண்ணி வருத்தம் தெரிவித்தார். தையல் மிஷினுக்கு எழுதியது: ‘நன்று. இதிலும் கை வரவில்லை.’ கிரைண்டருக்கு: ‘கைக்காகக் காத்திருக்கிறேன்.’

“நட்சத்திரம் அஞ்சு குடுத்துருக்கான்ல, அதப் பாரு,” என்றார் பச்சைமுத்து. பெட்டி வளையலை முழங்கை வரை ஏற்றி, சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டாள். அன்று வெயில் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

புள்ளியின் விலாசம் காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களா. சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவன் மஞ்சுநாத். கேட் திறந்தே இருக்கும், வராண்டாவில் வைத்தால் போதும், ஓடிபி தானாக அவன் போனுக்கு வந்துவிடும், ஆளை ஒரு நாளும் பார்த்ததில்லை என்றான். ஒரு நாள் பேக்கரிக்கு வந்தவன் டீயைத் தொடவில்லை.

“அண்ணா, இன்னிக்கு கதவு தெறந்து இருந்துது. உள்ள எட்டிப் பாத்துட்டேன்.”

“யாரு இருந்தா?”

“யாரூ இல்லா. உங்க ஹால் இருந்துது.”

“என்னது?”

“உங்க ஹால், அண்ணா. நம்ம கடியாரம் எங்க மாட்டியிருந்தீங்களோ அங்கேயே. சேர் அதே கோணல்ல. மிஷின் அதே ஜன்னல் கீழ. நீங்க போட்டோ எடுத்தீங்கல்ல, அது மாதிரியே.” மஞ்சுநாத் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். “தேவ்ரு சத்தியமா, நான் செருப்பு கழட்டிட்டேன். உங்க மனேக்கு வந்துட்டேன்னு நெனச்சு.”

பச்சைமுத்து யோசித்தார். “நல்ல ரசனை,” என்றார்.

மனிதர்கள் பயப்பட வேண்டிய இடத்தில் பெருமைப்படுவதால்தான் வாழ்க்கைக் குறிப்புகள் கொஞ்சம் நீளமாகவே அமைகின்றன.

விற்கத் தக்கதாக வீட்டில் கடைசியாக மிஞ்சியது ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டியின் அம்மா காலத்துத் தகரப் பெட்டி, பச்சைப் பெயின்ட் அடித்தது. அதன் மூடி தானாக மூடாது. யாராவது மேலே உட்கார வேண்டும். ஆகவே படத்துக்காகப் பெட்டி பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். இந்த முறை கை மட்டும் அல்ல, முழு ஆளும் படத்தில் விழுந்தாள். பச்சைமுத்துவுக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. வாயால் சொன்னால் ஏலச்சந்தை தானே எழுதிக்கொள்ளும். எந்தப் பிரிவு, என்ன தலைப்பு என்பதையும் படத்தைப் பார்த்து அதுவே முடிவு செய்யும். அவர் போனை வாய்க்கு நேராகப் பிடித்து, தொழில்முறைக் குரலில் சொன்னார்:

“பெட்டி. நல்ல நெலமைல இருக்கு. பழசுதான், ஆனா உறுதி. ஒரே ஆளு பயன்படுத்துனது. தொறந்தா கொஞ்சம் சத்தம் போடும். சாவி காணாம பூடுச்சு. உள்ள ஒண்ணுமில்ல, காலி.”

“யோவ், யாரச் சொல்ற?” என்றாள் பெட்டி, உட்கார்ந்தபடியே.

“ஆடாத.”

விலை போட்டார். விரலை எடுத்தார். விற்றிருந்தது.

டிரங்குப் பெட்டியை மஞ்சுநாத் கொண்டுபோய் வராண்டாவில் இறக்கிவிட்டு வந்தான். மறுநாள் ஏலச்சந்தையிலிருந்து கடிதம் வந்தது. ‘அன்புள்ள விற்பனையாளரே, வாங்குபவர் கீழ்க்கண்ட புகாரைப் பதிவு செய்துள்ளார்: தகரம் ஒன்று வந்திருக்கிறது. பெட்டி அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். பெட்டியை அனுப்பி வைக்கவும்.’

பச்சைமுத்து அதைப் பெட்டிக்குப் படித்துக்காட்டிச் சிரித்தார். பெட்டியும் சிரித்தாள், பாதி வரை.

“பணத்தத் திருப்பிக் குடுத்துடு.”

கொடுத்தார். வாங்கப்படவில்லை. ‘வாங்குபவர் பணத்தை விரும்பவில்லை. பெட்டியை விரும்புகிறார். உடனே வாங்கு முறையில் நடந்த விற்பனை இறுதியானது என்பதை அன்புடன் நினைவூட்டுகிறோம்.’ உதவி எண்ணுக்குப் போன் செய்தார். இனிமையான ஒரு பெண் குரல், அது மனுஷியா மிஷினா என்று தெரியவில்லை, “கவலை வேண்டாம் பச்சைமுத்து. பெட்டியை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்” என்றது.

“அது என் பொண்டாட்டிம்மா!”

“உங்கள் பொருள் விவரத்தில் மாற்றம் செய்ய, விற்பனைக்கு முன்பு அழைத்திருக்க வேண்டும்,” என்றது குரல், வருத்தத்துடன்.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமைகளில் பெட்டி சிவாஜி நகர் மாதா கோயிலுக்கு நவநாள் பூசைக்குப் போவாள். அன்றும் நீலச் சேலை கட்டி, கைப்பையை எடுத்துக்கொண்டு, “சோறு மூடி வெச்சிருக்கேன், பானைய வித்துடாத” என்று சொல்லிவிட்டுப் போனாள். காலை வெயில் காலியான ஹாலில் விழுந்து, சாமான்கள் இருந்த இடத்திலெல்லாம் வெளிறிய சதுரங்களைக் காட்டிக்கொண்டிருந்தது. போன் ஒலித்தது.

‘உங்கள் பெட்டி புறப்பட்டது.’

டிரங்கு சம்பந்தமாகத் தாமதமாக வந்த தகவலாக இருக்கும் என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. ‘உங்கள் பெட்டி காக்ஸ் டவுனைக் கடந்தது.’ பச்சைமுத்து பெட்டிக்குப் போன் செய்தார்.

“எங்கக்கீற?”

“பஸ்ல. ஒக்கார எடம் இல்ல. இப்பதான் காக்ஸ் டவுன் தாண்டுச்சு. ஏன்?”

“சும்மா.”

‘உங்கள் பெட்டி சிவாஜி நகர் மையத்தை வந்தடைந்தது. கவனமாகக் கையாளப்படுகிறது.’

“எங்கக்கீற?”

“எறங்கினேன். ஒரு ஆளு நல்லா கைய புடிச்சு எறக்கிவுட்டாரு. யாருன்னு மூஞ்சிய பாக்கறதுக்குள்ள காணோம். என்னய்யா திடீர்னு பொண்டாட்டி மேல பாசம் பொங்குது?”

அவர் வீட்டைப் பூட்டாமல் தெருவில் இறங்கினார். இறங்கும்போதே அடுத்தது வந்தது. ‘உங்கள் பெட்டி ஒப்படைப்பதற்காக எடுத்துச் செல்லப்படுகிறது.’ போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுக்கப்பட்டது. பேச்சில்லை. பின்னணியில் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. டிக், டக். ஒரு அடி பெரிசும் ஒரு அடி சின்னதுமாக, கால் ஊனமானவன் நடப்பது போல. அந்த நொண்டி டிக் டக் ஊரில் ஒரே ஒரு கடிகாரத்துக்குத்தான் உண்டு. அவர் மாமனார் எத்தனையோ முறை பிரித்தும் சரிசெய்ய முடியாத, அவரே படம் பிடித்து விற்ற கடிகாரம்.

‘உங்கள் பெட்டி ஒப்படைக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர்: .’

மஞ்சுநாத்தின் வண்டி அன்று அதன் விலைக்கு மிஞ்சிய வேகத்தில் போயிற்று. பங்களாவின் கேட் திறந்திருந்தது. “நான் வரல அண்ணா,” என்றான் மஞ்சுநாத். “பேசிட்டு வாங்க. நான் இங்கேயே நிக்கறேன். இன்ஜின் ஆஃப் பண்ணல.”

வராண்டாவில் டிரங்குப் பெட்டி மூடி திறந்தபடி கிடந்தது. பச்சைமுத்து உள்ளே காலை வைத்தார். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டோம் என்று மனதில் தோன்றியது. காரணம், அது அவருடைய வீடு. ஜன்னல் கீழே தையல் மிஷின். மூலையில் கிரைண்டர். சுவரில் கடிகாரம். கடிகாரத்துக்குப் பின்னால், அவர் வீட்டுச் சுவரில் மழை ஒழுகிப் படிந்திருக்கும் அந்த ஆட்டுத் தலை போன்ற ஈரக்கறை. அதை அவர் விற்கவில்லை. அது படத்தில் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

கடிகாரத்தின் அடியில் பிரம்பு நாற்காலியில் பெட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. முதுகு நேராக. படம் எடுக்கும்போது ஆடாதே என்பாரே, அப்படி.

“வா பெட்டி, போலாம்.”

“வந்தியா? ஒக்காரு. எடம் இருக்கு இங்க.” அவள் சுற்றிலும் பார்த்தாள். “எல்லாம் இருக்குய்யா. வெச்சது வெச்ச எடத்துல இருக்கு. ஒண்ணும் காணாம போகல. எப்பிடி வந்தேன்னுதான் தெரியல, ஆனா வந்து ஒக்காந்தா எழுந்திரிக்கத் தோணல.”

“யார் வீடு இது?”

“எனக்கென்ன தெரியும்? உள்ள யாரோ இருக்காங்க.”

உள்ளறைக் கதவில் ஒரு துணித்திரை தொங்கியது. அதற்குப் பின்னால் அசைவு எதுவும் இல்லை. ஆனால் யாரோ நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிற அறைக்கு ஒரு நிறைவு உண்டல்லவா, அது இருந்தது. பச்சைமுத்து ஓரடி எடுத்து வைத்தார். கையிலிருந்த போன் அதிர்ந்தது.

‘அன்புள்ள விற்பனையாளரே, விற்பனையை ரத்து செய்ய ஒரே ஒரு காரணம் அனுமதிக்கப்படும்: விலை தவறாக இடப்பட்டது. சரியான விலையை இடவும்.’ அடியில் காலியாக ஒரு கட்டம்.

பச்சைமுத்துவுக்கு உயிர் வந்தது. விலையா? இது அவருடைய ராஜ்யம். நாற்காலியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பெட்டி எட்டிப் பார்த்தாள்.

“என்ன பண்ற?”

“ஒன் வெலயத் திருத்தறேன். அவன் வாங்க முடியாத மாரி போட்டா வுட்டுட்டுப் பூடுவான்.”

“எனக்கா? எவ்ளோ போடற?”

ஐம்பதாயிரம் என்று போட்டார். விரலை எடுத்தார். திரைக்குப் பின்னாலிருந்து, நகம் கண்ணாடியில் படுவது போல் ஒரு சின்ன ‘டக்’. ‘வாங்குபவர் ஏற்றுக்கொண்டார். நன்றி.’

“அம்பதாயிரமா?” என்றாள் பெட்டி. “நம்ம தெரு மார்வாடி வீட்டு கெழட்டு நாயிக்கு அத விட ஜாஸ்தி கேட்டாங்க. நல்லா இருக்குய்யா ஒன் மரியாத.” காலை அசைக்கப் பார்த்தாள். “ஏய், என் காலு மரத்துப்போச்சு. அசைய மாட்டேங்குது.”

அவர் அவசரமாக அடித்தார். ஐந்து லட்சம். டக். ‘வாங்குபவர் ஏற்றுக்கொண்டார்.’

“என்னய்யா...” என்றாள் பெட்டி. குரல் மூடிய டிரங்குக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. உதடு அசைந்த பிறகு சத்தம் வந்தது.

பச்சைமுத்து ஒன்று போட்டு, பக்கத்தில் பூஜ்யங்களாகப் போட்டுக்கொண்டே போனார், கட்டம் நிரம்பும் வரை. கர்நாடகத்தில் எவனிடமும் இருக்க முடியாத பணம். டக்.

கடிகாரம் நின்றது. பெட்டி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவருக்குத் தெரிந்த பார்வை அல்ல. கடைக்கு வந்த ஆளைப் பார்ப்பது போல, மரியாதையாக, கொஞ்சம் சலிப்பாக.

“யாருங்க?” என்றாள். “என்ன பாக்க வந்தீங்க?”

பச்சைமுத்து போனைப் பார்த்தார். கட்டம் மறுபடி காலியாகிக் காத்திருந்தது. ‘சரியான விலையை இடவும்.’ கட்டை விரல் எண்களின் மேல் போய் நின்றது. ஒன்றின் மேல். எட்டின் மேல். மறுபடி ஒன்றின் மேல். திரைக்குப் பின்னால் யாரோ அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவருக்குத் தெரிந்தது. எதைப் போட்டாலும் சம்மதம் என்று ஏற்கெனவே விரலைத் தயாராக வைத்துக்கொண்டிருக்கிற ஒருவர். பச்சைமுத்து தலையை உயர்த்திப் பெட்டியைப் பார்த்தார். நெற்றியோரம் நரைத்த முடி. பஸ் கூட்டத்தில் கசங்கின நீலச் சேலை. காது ஓரத்தில் பவுடர் திட்டுத் திட்டாக. உடைசல், கீறல், வாங்கிய வருடம், கைமாறிய கணக்கு என்று அவர் மனம் வழக்கமாக ஓடும் பாதையில் ஓடிப் பார்த்தது. எங்கும் போய்ச் சேரவில்லை.

விரலை எடுத்தார். எதையும் போடவில்லை.

‘விலை தேவை,’ என்றது போன்.

அவர் போனைத் தரையில் வைத்தார்.

டக், என்றது உள்ளே. அமுக்குவதற்கு ஒன்றும் இல்லை. டக். டக், டக். பிறகு வேகமாக, பூட்டிய கதவைத் தட்டுவது போல, டக்டக்டக்டக். திரை ஒரு முறை இவர் பக்கமாகப் புடைத்தது. பச்சைமுத்து கண்ணை மூடவில்லை. மூடினால் பெட்டியைப் பார்க்க முடியாது. அந்தச் சத்தம் எவ்வளவு நேரம் இருந்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. அது நின்றபோது தரையில் போன் வெளிச்சமாயிற்று.

‘விலை இல்லாத பொருளை விற்பனையில் வைத்திருக்க இயலாது. இந்தப் பதிவு நீக்கப்பட்டது.’

திரை தளர்ந்து, வெறும் துணியாகத் தொங்கியது. பின்னால் ஒரு காலி அறையின் வாசனை வந்தது, பூட்டிக் கிடந்த வீட்டின் வாசனை.

“என்னய்யா பேய் அறஞ்ச மாரி ஒக்காந்துனுக்கிற?” என்றாள் பெட்டி. குரல் அவள் குரல். எழுந்து நின்று சேலையை உதறினாள். “இந்த எடம் எனக்குப் புடிக்கல. என்னமோ மாரி கீது. வா போலாம்.”

கிரைண்டரையும் மிஷினையும் பற்றி அவள் கேட்கவில்லை; அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டில் மஞ்சுநாத் இருவரையும் எண்ணிப் பார்த்துக்கொண்டு, “ஏனாயித்து அண்ணா, என்ன ஆச்சு?” என்றான். பச்சைமுத்து போ என்று கையைக் காட்டினார். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். பெட்டியும் பச்சைமுத்துவும் மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டிருந்தான். ஒரு ஸ்கூட்டர்காரன் திட்டிக்கொண்டே போனான். எல்லாம் அதனதன் சத்தத்தில் இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் பெட்டி அவரைக் கடைக்கண்ணால் பார்த்தாள்.

“யோவ்.”

“ம்.”

“கடைசியா எவ்ளோதான் போட்ட?”

“ஒண்ணும் போடல.”

“அவ்ளோ கேவலமா பூட்டனா நானு? ஒரு ரூபா கூட தேற மாட்டனா? சும்மா சொல்லு, எவ்ளோ?”

பச்சைமுத்து வாயைத் திறந்தார். கண்ணைச் சிமிட்டினார். ஒரு பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. மறுபடியும் சிமிட்டினார்.

“தெரியல, பெட்டி,” என்றார்.